எங்கள் வீட்டுப் பேனல் வழியாக

மார்ச் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் பேத்திக்கு ஒரு பல் முளைத்திருக்கிறது. நல்ல செய்தி இவ்வளவுதான். மீதி எல்லாம் வேறு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் பக்கத்திலிருந்து நாற்பது பேர் வருவார்கள் என்று போனில் சொன்னீர்கள். வந்தது எழுபது. கேட்டதற்கு, "எழுபதுன்னுதானே அக்கா சொன்னேன்" என்றீர்கள். என் கூடப்பிறந்த தம்பி அன்றைக்கு நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான். அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து உங்களோடு முக்கியமான பேச்சு எதுவும் எழுத்தில்தான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

விஷயம், நீங்கள் அனுப்பிய இரண்டு சோலார் பேனல்.

இங்கே பகலில் கரண்ட் போவதும் வருவதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் எடுத்துத் தைக்கும் பள்ளிச் சீருடை பாதித் தையலில் நின்றுபோகிறது என்றுதான் அனுப்பினீர்கள். ஏற்கெனவே மொட்டைமாடியில் எங்கள் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வாங்கி மாட்டிய பேனல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் எரியும். அதோடு உங்களுடையதையும் சேர்த்தால் தையல் மிஷின் மோட்டாரும் ஓடும் என்று ஆசை காட்டினீர்கள்.

மாட்டுவதற்கு மின்னலைக் கூப்பிட்டேன். எங்கள் தெரு ஒயர்மேனுக்கு அதுதான் பேர். வேகத்துக்காக வைத்ததில்லை. வந்தால் ஒரு கணம் இருப்பான், அப்புறம் காணாமல் போவான், அதற்காக. அவன் தனித்தனியாக இணைக்கலாமா என்று ஏதோ முனகினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் இந்த வீட்டுப் பெரியவர் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அவர் இல்லை, அவர் பேனல் இருக்கிறது. உங்கள் பேனல் இரண்டும் பின்னால் நிற்கட்டும், ஒன்றன்பின் ஒன்றாக ஒயரைக் கோத்து எங்கள் பேனலுக்குள் விட்டு, அங்கிருந்து வீட்டுக்குள் இறக்கு என்றேன். அப்படியே செய்தான்.

கீழே சுவரில் பேட்டரிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கிறது. வெயிலிலிருந்து எவ்வளவு வருகிறது என்று அதில் எண் காட்டும். எங்கள் பேனல் மட்டும் இருந்தபோது உச்சி வெயிலில் நாலு காட்டியது. உங்களுடையது இரண்டையும் சேர்த்த பிறகு, அதே உச்சி வெயிலில், என் கண்ணாலேயே பார்த்தேன். நாலு.

நான் படித்தது நாலாவது வரைக்கும்தான். ஆனாலும் நாலோடு சைபரைக் கூட்டினால் நாலு என்று எனக்குத் தெரியும். உங்கள் பேனல் இரண்டும் சைபர்.

மோட்டாரைப் போட்டால் விசிறி நிற்கிறது. விசிறியைப் போட்டால் மோட்டார் முனகுகிறது. உங்கள் மகள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன், எங்கே வாங்கினீர்கள் இதை?

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து படித்தேன். மணி அடித்ததும், பிள்ளைகள் ஏறியதும் தெரியவில்லை. "ஆன்ட்டி, வண்டி ஓட்ட மறந்துட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்பினேன்.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

அவை கடையிலிருந்து வந்தவை இல்லை அக்கா. என் வீட்டு மொட்டைமாடியில் இருந்தவை. உங்கள் மருமகள் கல்யாணமாகிப் போன பிறகு மாட்டியது, அதனால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. புதுசு வாங்கி அனுப்பத்தான் நினைத்தேன், கைகூடவில்லை. கழற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்பினேன். பெட்டி மட்டும்தான் புதுசு. "கடையிலிருந்து நேரா வருது" என்று அவளிடம் பொய் சொன்னேன்.

என்னிடம் இருந்தபோது நன்றாகத்தான் ஓடின. ஆனால் நான் ஒருத்தி. ஒரு விளக்கு, ஒரு விசிறி. குறைந்துகொண்டே வந்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது. வரும் வழியில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதில் உள்ளே ஏதாவது விட்டுப்போயிருக்கலாம். நீங்கள் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். எண் பொய் சொல்லாது. தப்பு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இங்கே ஒன்றும் கஷ்டமில்லை. பொழுது விடிவதற்குள் வேனை எடுக்கிறவளுக்கு வீட்டில் வெளிச்சம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று நினைப்பாள். வேறு பேனலுக்கு ஏற்பாடு செய்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது பேர் என்று சொன்னது நான்தான். அன்றைக்கே ஒத்துக்கொண்டிருக்கலாம்.

உங்கள் தங்கை போல


மார்ச் 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நாற்பது என்று சொன்னதை இப்போதாவது ஒத்துக்கொண்டீர்களே, அந்த மட்டில் சந்தோஷம்.

ஆனால் பழசைத் துடைத்துப் புதுசென்று அனுப்புவது எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை. மறைத்து வைப்பதும் பழக்கம் இல்லை. அதனால் உங்கள் கடிதத்தைக் கூடத்தில் வைத்துப் படித்தேன். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், படித்தால் சத்தமாகத்தான் வரும். என் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப் போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போகவில்லை. உங்கள் மகள் மிஷினில் இருந்தாள்.

"பெட்டி மட்டும்தான் புதுசு" என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "அப்ப பொட்டி வாங்கினா பேனல் இனாமா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் மகள் சிரிக்கவில்லை. "போதும் அத்தை, மடிச்சு வைங்க" என்றாள். அப்புறம் அன்றைக்கு முழுக்க ஊசியில் நூல் கோப்பதும் அறுப்பதுமாக இருந்தாள்.

வேறு பேனல் ஒன்றும் வேண்டாம். உங்களுடையதை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். மின்னலை வரச் சொல்லிக் கழற்றி வைக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் பேனல் இத்தனை வருஷமாக எங்களுக்குக் குறை வைத்ததில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 23

அக்காவுக்கு,

சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐந்து நாளாக அவள் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்தார். "தூங்குறா அத்தை" என்றார். பக்கத்தில் மிஷின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை வேனைக் கொண்டு வருகிறேன். மாடியேற மாட்டேன், வாசலிலேயே நிற்கிறேன். கழற்றிக் கீழே வைத்திருந்தால் போதும்.

உங்கள் தங்கை


மார்ச் 28

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சனிக்கிழமை வர வேண்டாம்.

யோசித்துப் பார்த்தேன். கொடுத்த பொருளைத் திரும்பக் கொண்டு போனால் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். உங்களுக்கும் நன்றாக இருக்காது. பேனல் இருக்கிறபடியே மாடியில் இருக்கட்டும். சின்னக் குறைகளைப் பெரிசு பண்ணிக்கொண்டிருப்பது பெரியவர்களுக்கு அழகில்லை. நான் பொறுத்துக்கொள்கிறேன்.

இப்போது வெயிலும் நன்றாக அடிக்கிறது. மோட்டாரும் விசிறியும் சேர்ந்தே ஓடுகின்றன. எப்படி என்று கேட்டு எழுத வேண்டாம். சிலது தானாகச் சரியாகும்.

மின்னலை எங்காவது பார்த்தால் அவனிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். அவன் ஒன்றைப் பத்தாகச் சொல்கிறவன்.

உங்கள் பேத்தி இரண்டாவது பல்லுக்கு அழுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன விளக்காவது ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழுகையாக வந்தது.

நான் உங்களைப் பற்றி மனதில் நிறையத் திட்டியிருக்கிறேன் அக்கா. வேன் காலியாக இருக்கும்போது வாய்விட்டே திட்டியிருக்கிறேன். என் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு முன்னால் படித்தீர்கள் என்று தெரிந்த அன்றைக்கு, இனி உங்கள் வாசல் மிதிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவளுக்கு, நான் செய்த ஏமாற்றைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் நாலு பேர் என்னைப் பார்க்கக் கூடாது என்று யோசித்திருக்கிறீர்கள். இந்தப் பெரிய மனசு எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் இன்னொரு வேன் ஓட்டும் அம்மாவிடம்கூடச் சொன்னேன். "சம்பந்தின்னா இப்படி அமையணும்" என்றாள்.

நேற்று ஒருவழியாக உங்கள் மருமகள் போனை எடுத்தாள். "உங்க அத்தை மாதிரி யாரும் பொறுத்துப் போக மாட்டாங்கடி, அவங்க மனசு நோகாம நடந்துக்க" என்றேன். முழுசாகக் கேட்டாள். அப்புறம், "அம்மா, இனிமே எனக்கு எதுவும் அனுப்பாத. லீவுக்கும் நான் வரல. உன்னால இந்த வீட்ல என்னால தலை நிமிர முடியல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பேத்தியைத் தூக்கலாம் என்று லீவை எண்ணிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோபம் ஆறுகிறபோது ஆறட்டும். அவளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள், அது போதும்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்ப்பீர்கள். எழுதுவது உங்கள் மகள். எனக்குக் கை நடுங்குகிறது, நான் சொல்லச் சொல்ல எழுதும்மா என்று உட்கார வைத்திருக்கிறேன்.

கை நடுங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிற சாக்கில் அவள் காதில் விழட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. "இதையும் எழுதணுமா அத்தை?" என்று கேட்கிறாள். எழுதத்தான் வேண்டும். நான் வாயால் சொல்வது ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

உங்கள் பேனல்களைக் கழற்ற மின்னல் வந்தான். "கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம் பாட்டி. அப்புறம் நாங்க உடைச்சோம்னு சொல்லிருவாங்க" என்றான். நானும் சரி என்றேன். அவை செத்த பேனல் என்பதற்கு அவனையே சாட்சியாக்கி உங்களுக்கு எழுதலாம் என்று எனக்கு ஆசை. எங்கள் வீட்டுக்காரர் பேனலிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு, உங்களுடையது இரண்டை மட்டும் நேராகக் கீழே பெட்டிக்குக் கொடுத்தான். நான் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நாலு என்று இருந்த எண் எட்டானது. பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். எட்டுதான். அப்புறம் அந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இணைத்தான். பதினாறை ஒட்டி வந்து நின்றது.

எப்படிடா என்று கேட்டேன். "ஒத்தையடிப் பாதையில வயசானவரு தடி ஊனிக்கிட்டு முன்னாடி போனா, பின்னாடி வர்றவன் ஓட்டக்காரனா இருந்தாலும் அவரு நடைதான் பாட்டி. ஒரே வரிசையாக் கோத்தா இளைச்சது எவ்வளவு விடுதோ அவ்வளவுதான் எல்லாம் விடும்" என்றான். எங்கள் பேனல் பழசு, சின்னது. அதற்கு நாலுக்கு மேல் விட முடியாது. உங்களுடையவை பின்னால் எட்டை வைத்துக்கொண்டு நாளெல்லாம் வெயிலில் காத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. நாலோடு சைபர் என்று நான் போட்ட கணக்கு தப்பு. சைபர் எதுவும் அங்கே இல்லை.

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"சொன்னேனே பாட்டி. தனித்தனியா இணைக்கலாம்னேன். 'நீ ஒயர முறுக்கு, வாய முறுக்காத'ன்னீங்க."

மறந்துவிட்டது என்று உங்களுக்கு எழுதலாம். கல்யாணத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று சொல்கிறவள், இதை மறந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். மறக்கவில்லை. அவன் சொன்னது, நான் சொன்னது, என் குரல் எப்படி இருந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அதைப் பெருமையாக எழுதியும் இருக்கிறேன்.

இது மார்ச் இருபத்தைந்தாம் தேதி நடந்தது. வர வேண்டாம், பொறுத்துக்கொள்கிறேன் என்று நான் எழுதியது இருபத்தெட்டாம் தேதி. நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதினேன். வெயில் நன்றாக அடிக்கிறது என்று எழுதினேனே, அது நீங்கள் கொடுத்த பேனல் ஓடுகிற ஓட்டம். மின்னலுக்குச் சாப்பாடு போட்டு வாயை மூடச் சொன்னேன். அவன் இது வரைக்கும் மூடிக்கொண்டுதான் இருக்கிறான், அதுவே எனக்கு ஆச்சரியம். இந்த வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. திடீரென்று மோட்டார் ஓடுகிறதே என்று என் மகன் கேட்டதற்கு, "நம்ம பேனல் நம்ம பேனல்தான்" என்றேன்.

நீங்கள் திட்டி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டுக்குத் திட்டு எழுதி இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். பெரிய மனசு என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை மட்டும் நான் சத்தமாகப் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டாமல் உதடு அசையாமல் படிக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அலமாரியில் வைத்தேன். அங்கே வைக்கவும் கூசியது, எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

உங்கள் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "எழுதும்மா" என்றேன். எழுதுகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

உன் அம்மா கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. தன் வீட்டுக் கூரையில் இருந்ததைக் கழற்றி உனக்குக் கொடுத்துவிட்டு வெளிச்சம் இல்லாமல் இருக்கிறாள். நீ தலை குனிந்தது அவளால் இல்லை. என்னால். இதை அப்படியே எழுது, நான் சொன்ன


இதற்கு மேல் என் எழுத்து. கோணல்மாணலாக இருக்கும்.

பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் போய்ப் போனில் உங்களைத்தான் கூப்பிட்டாள், உங்களுக்கே தெரியும். நான் ஒட்டுக்கேட்கவில்லை, ஆனால் இந்த வீட்டில் சுவர் மெல்லிசு. "லீவுக்கு வர்றேன்மா. பேனல்ல ஒண்ண எடுத்துட்டு வர்றேன், மாட்டிக் குடுத்துட்டுத்தான் வருவேன்" என்று சொன்னது கேட்டது. மற்றது அழுகையாக இருந்தது.

ஒன்று எடுத்தாலும் இங்கே மோட்டார் ஓடும். மின்னலிடம் கேட்டுவிட்டேன். எங்கள் பேனலுக்குத் தனியாகச் சின்னப் பெட்டி ஒன்று வைத்தால் அதுவும் தன் பங்குக்குப் பேட்டரியில் ஊற்றும், யாரும் யாரையும் இழுக்க வேண்டியதில்லை என்றான். அப்படியே செய்யச் சொன்னேன். இந்தத் தடவை என் வாயை நான் முறுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அய்யய்யோ" என்று மட்டும் சொல்லி என்னை உட்காரச் சொன்னாள். மற்றவர்களுக்கு அவளே சொல்லிக்கொள்வாள், எனக்கு அந்த வேலை மிச்சம். என் மகனுக்கும் தெரியும். "என்னம்மா நீ" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

உங்களிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவை அடித்துவிட்டேன், தாளில் தெரியும். எழுத்துப் பிழை இல்லை. எழுதத்தான் கூச்சம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் உங்கள் மகள் சாப்பாடு வைத்தாள். தட்டு, தண்ணீர் எல்லாம் எப்போதும் போல. "சாப்பிடுங்க அத்தை" என்று மட்டும் சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பேன், அவள் வந்து கெஞ்சும் வரைக்கும். இன்றைக்குக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டை நானே கழுவி வைத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்